இடது முன்சக்கரத்தின் ஐந்து நட்டுகள்

"டயர் பஞ்சரானா யாரக் கூப்பிடுவே?"

கணவரை விட்டுக் கிளம்பிய அன்று அவர் அவளிடம் கேட்ட கடைசிக் கேள்வி இதுதான். வாசலில் ஆட்டோ நிற்கிறது. அவளுக்கு ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் ஏழு வயதுப் பெண். ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவளை நிறுத்தி வைக்க அந்த மனுஷருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. பழைய கார் ஒன்று வாங்கப்போவதாக அவள் தங்கச்சியிடம் போனில் சொன்னதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார். அதையே பிடித்துக்கொண்டார். அவர் பஸ் டிப்போவில் ஃபிட்டர். உலகத்துக் கஷ்டமெல்லாம் டயரிலிருந்துதான் தொடங்குகிறது என்பது அவர் நினைப்பு.

அவள் ஆட்டோவில் ஏறிவிட்டாள். ஆனால் கார் கைக்கு வந்த முதல் வாரமே, ஒன்றும் ஆகாத நல்ல சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிக்கொண்டாள். வலது பின்சக்கரம். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று, இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றினாள். வலப்பக்கமாகத் திருப்பி இறுக்கினாள். இரண்டு மணி நேரம் ஆனது. மறுநாள் தோள் இரண்டும் கழன்று விழுவதுபோல வலித்தது. அதோடு அந்தக் கேள்வியின் கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

கார் அவளைவிட ஆறு வயது மூத்தது. ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவரிடமிருந்து வாங்கியது. கூடவே ஒரு கையேடும் வந்தது. அட்டை இல்லை, முதல் இருபது பக்கமும் இல்லை. இருந்த பக்கங்களை அவள் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள்.

பிழைப்பே அந்தக் காரை நம்பித்தான். விடிந்ததும் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பதினோரு கிளினிக்குகளுக்குப் போய், ரத்த மாதிரிக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு பத்தரைக்குள் லேபில் சேர்க்க வேண்டும். கிளினிக் நர்சுகளுக்கு அவள் "பெட்டியக்கா". பத்தரை பத்தே முக்கால் ஆனால் ரத்தம் கெட்டுவிடும். இரண்டு தடவை கெட்டால் வேலை போய்விடும்.

மெக்கானிக்குகளை அவள் நம்புவதில்லை. ஆரம்பத்தில் ஒருவரிடம் பிரேக் பார்க்கச் சொல்லி விட்டதற்கு, நன்றாக இருந்த ஹாரனைக் கழற்றி வேறொன்றை மாட்டி அனுப்பிவிட்டார். அன்றைக்கே கும்பிடு போட்டுவிட்டாள். இப்போது எல்லாம் அவளேதான். ராத்திரி எஞ்சினுக்கு அடியில் அட்டை ஒன்றை விரித்து வைப்பாள். காலையில் அட்டையில் கறுப்புச் சொட்டு இருந்தால் ஆயில் ஒழுகுகிறது. பச்சை என்றால் ரேடியேட்டர். நிறமே இல்லை என்றால் எதிர்வீட்டு நாய். பேட்டரி முனையில் வெள்ளைப் பூ பூத்தால் வெந்நீரில் சோடா மாவைக் கரைத்து ஊற்றி, கூட இருக்கும் தங்கச்சியின் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பாள். பிரஷ் பழையதுதானா என்பதில் தங்கச்சிக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

அவளாகவே கண்டுபிடித்த வித்தை ஒன்றும் உண்டு. எந்த நட்டை இறுக்கினாலும், நட்டின் மேலிருந்து பக்கத்துத் தகட்டுக்கு நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவாள். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்துவிடும். தினமும் காலையில் வண்டியைச் சுற்றி வந்து எல்லாக் கோட்டையும் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவாள்.

"என் நகத்துக்கு ஒரு சொட்டு மிச்சமில்ல. உன் கார் மட்டும் சினிமாவுக்குக் கிளம்பின மாதிரி நிக்குது," என்பாள் தங்கச்சி.

"உன் நகம் கழண்டா ரோட்டுல யாரும் சாகமாட்டாங்க."

இப்படி எல்லாவற்றிலும் கோடு போட்டுப் பார்க்கும் குணம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. சேர்ந்து இருந்த காலத்தில் ஒரு தடவை டிப்போவில் கணவரை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் வீட்டில் மூச்சு விடவில்லை. தினமும் காலையில் குளித்து, யூனிஃபார்ம் போட்டு, அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போய்ப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் "இன்னிக்கு செம வேலை" என்று வந்து படுத்தார். பூங்காவில் நடக்கப் போகும் பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. "ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே" என்று அழுதாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் மணி என்ன என்று சொன்னாலும் அவள் போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

இப்போது பெண்ணுக்கு ஒன்பது வயது. வாரநாளில் அது யாரிடம் இருப்பது என்று முடிவு பண்ண, சமரசம் பேசும் வக்கீலம்மா இரண்டு பேரையும் வரும் திங்கட்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். கணவர் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தின் மூன்றாவது வரி அவளுக்கு மனப்பாடம்: 'தாயார் ஓட்டும் வாகனம் மிகப் பழையது, குழந்தை அதில் தினமும் பயணம் செய்வது ஆபத்து.' அதைப் படித்த அன்று வக்கீலம்மாவின் மேஜையைத் தட்டி, "என் வண்டியில இவர் கை பட்டுச்சுன்னா கைய ஒடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கார் ஆபத்து என்று நிரூபித்தால் பெண் அவர் வீட்டுக்குப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

போன மாதம் இடது முன்டயர் தேய்ந்து போனது. புது டயரை விளிம்பில் ஏற்ற மிஷின் வேண்டும், வீட்டில் முடியாது. டயர்கடையில் விட்டாள். கடைக்காரர் பேச்சோடு பேச்சாகச் சக்கரத்தை மாட்டி, "போய்ட்டு வாங்கக்கா, கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொல்கிறவனை எப்படி நம்புவது? வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுத்து ஐந்து நட்டையும் சோதித்தாள். வலப்பக்கமாக முழு பலத்தோடு அழுத்தினாள். ஐந்தும் கிறீச்சென்று ஒரு விரற்கடை நகர்ந்தன.

"பாத்தியா! பாதி முறுக்கி அனுப்பியிருக்கான்," என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு ஐந்திலும் சிவப்புக் கோடு இழுத்தாள்.

இரண்டு நாளில் சத்தம் ஆரம்பித்தது. மெதுவாகப் போகும்போது மட்டும் கடக், கடக் என்று கேட்கும். இடப்பக்கம் உட்காரும் பெண்தான் முதலில் சொன்னாள்: "அம்மா, என் பக்கம் யாரோ வெளியிலேருந்து தட்டுறாங்க."

அவள் கோட்டைப் பார்த்தாள். ஐந்தும் நேராக இருந்தன. சக்கரத்தில் குற்றமில்லை, வேறெங்கோ என்று முடிவு கட்டி, அடியில் படுத்து அரை நாள் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை வண்டியைச் சுற்றி வந்தவள் இடது முன்சக்கரத்தருகே அப்படியே நின்றுவிட்டாள். ஐந்து கோடும் பிரிந்திருந்தன. நட்டின் மேல் இருந்த பாதிக் கோடு எல்லாம் இடப்பக்கம் விலகியிருந்தது.

நட்டு தானாகக் கழலும்போது ஒன்று இவ்வளவு, ஒன்று அவ்வளவு என்றுதான் கழலும். ஐந்தும் ஒரே அளவுக்கு விலகியிருந்தால் அது மனுஷக் கை. இடப்பக்கம் என்றால் கழற்றியிருக்கிறார்கள். இந்த உலகத்தில் அவள் சக்கரம் கழன்றால் லாபம் யாருக்கு?

வார இறுதியில் தன்னோடு வைத்திருக்கும் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் கொண்டுவந்து விடுவார். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை. பெண் காலிங் பெல்லை இரண்டு தடவை அடிக்கும், உள்ளே வரும். அவர் தெருவோடு போய்விடுவார். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். கார் நிற்பது அந்த வாசலை ஒட்டிய சந்தில்.

அவள் ஸ்பேனரை எடுத்து ஐந்து நட்டையும் வலப்பக்கம் திருப்பி, கோட்டோடு கோடு சேர்த்து நிறுத்தினாள். பிறகு ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாள்: 'ஞாயிறு மதியம் சரி. திங்கள் காலை ஐந்தும் கழற்றப்பட்டிருந்தது. நான் சரிசெய்தேன்.' அன்று மேம்பாலத்தில் ஏறும்போதே சத்தம் மறுபடி கேட்டது. இன்னும் எதையோ கழற்றி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த திங்களும் அதேதான். ஐந்து கோடும் இடப்பக்கம். மறுபடி சேர்த்தாள், மறுபடி எழுதினாள்.

"மாமா இப்படிப் பண்ணுவாரா?" என்றாள் தங்கச்சி. "பொண்ணு போற வண்டிக்கா. அவரு பொய் சொல்வாரு, ஒத்துக்கறேன். ஆனா அவரு சொல்ற பொய் எல்லாம் அவரையே கடிக்கிற பொய்."

"மூணு மாசம் என் கண்ணு முன்னாடி டப்பா தூக்கிட்டுப் போனவரு."

"அந்த டப்பாவ இன்னும் எத்தன வருஷம் சுமப்ப?"

மூன்றாவது ஞாயிறு. மறுநாள் நாலு மணிக்கு வக்கீலம்மா. நாலரைக்கே அவளும் தங்கச்சியும் முன்னறை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். கையில் நோட்டு. ஐந்து மணிக்குப் பெல் இரண்டு தடவை அடித்தது. "நீ போய்த் திற, உள்ள கூட்டிட்டுப் போ" என்று தங்கச்சியை அனுப்பிவிட்டு அவள் திரையை ஒரு கண்ணளவுக்கு விலக்கினாள்.

அவர் போகவில்லை. தெருவை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார். சந்துக்குள் வந்து இடது முன்சக்கரத்தின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துச் சக்கரத்தைப் படம் பிடித்தார். பிறகு துணிப்பையிலிருந்து நீளமான ஸ்பேனர் வெளியே வந்தது. அதை நட்டில் மாட்டி, பற்களைக் கடித்துக்கொண்டு, இழுத்தார். இடப்பக்கமாக.

அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

"கைய எடுங்க!"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்ததில் தலை மட்கார்டில் இடித்தது.

"மூணு வாரமா என் வண்டிய நீங்கதான் கழட்டறீங்க. பெத்த பொண்ணு உக்கார்ற பக்கத்துச் சக்கரம்! மனுஷனா நீங்க?" இத்தனை கோபத்திலும் அந்த 'நீங்க' மட்டும் அவள் வாயை விட்டுப் போகவில்லை.

"கழட்டறேனா?" என்றார் அவர் தலையைத் தடவிக்கொண்டே. "இறுக்கிட்டு இருக்கேன்."

"இடது பக்கம் இழுத்து இறுக்குவாங்களா? நான் என்ன சின்னக் குழந்தையா?"

மாடிவீட்டு அக்கா துணி எடுப்பதுபோலப் பால்கனிக்கு வந்து, காய்ந்த துணியை இரண்டாவது முறையாக உதற ஆரம்பித்தார். பெண்ணும் தங்கச்சியும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"இது பழைய மாடல். இடப்பக்கச் சக்கரம் ரெண்டுக்கும் மரை தலகீழ். இடது பக்கம் திருப்பினாதான் இறுகும். ஓட்டத்துல தானா கழண்டுடக் கூடாதுன்னு அப்படிப் பண்ணியிருக்கான். வலப்பக்கம் ரெண்டும் சாதாரண மரை," என்றார்.

"உங்ககிட்ட எப்பவும் ஒரு பதில் ரெடியா இருக்கும்."

"அப்பாகிட்ட சத்தத்தச் சொன்னது நான்தான்மா," என்றது பெண். "அவரு பாக்கறேன்னாரு. உங்ககிட்ட சொல்லாதேன்னாரு."

"சொல்லாதேன்னாரு!" அவள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டியாடி? பொண்ணுக்கும் பழக்கியாச்சு."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? கைய ஒடிப்பேன்னு சொன்னது நீதானே? ரெண்டு கையும் எனக்கு டிப்போவுல வேணும்."

மாடியில் ஒரு சிரிப்பு எழுந்து, துணி உதறும் சத்தத்தில் அடங்கியது.

"சரி," என்று அவள் அவர் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினாள். "நான் வலது பக்கம் திருப்பறேன். இறுகுச்சுன்னா நாளைக்கு வக்கீலம்மா முன்னாடி உங்க வாயால ஒத்துக்கணும். இவ்வளவு பேரு சாட்சி."

"திருப்பு," என்றார். விலகி நின்றுகொண்டார்.

அவர் இன்னும் கை வைக்காத நட்டு ஒன்றைப் பார்த்து எடுத்தாள். ஸ்பேனரை மாட்டி, உடம்பையெல்லாம் கொடுத்து வலப்பக்கம் அழுத்தினாள். கிறீச்சென்றது. நகர்ந்தது. இன்னொரு அழுத்து அழுத்தினாள். இறுக வேண்டிய நட்டு வழுக்கிக்கொண்டு சுழன்றது. ஸ்பேனரைக் கீழே போட்டாள். விரலாலேயே சுழன்றது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாலு சுற்று. வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி, நட்டு அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

மாடியில் துணி உதறுவது நின்றுவிட்டது.

அவர் குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த திருகாணியின் முனையைக் கட்டைவிரலால் தேய்த்தார். துரு உதிர்ந்த இடத்தில் 'லெஃப்ட்' என்பதற்கு ஆங்கில 'எல்' எழுத்து ஒன்று பொறித்திருந்தது. அதையும் இவரே வந்து பொறித்திருப்பாரோ என்று அப்போதும் ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்த எழுத்தின் பள்ளத்துக்குள் இருந்த துருவுக்கு அவள் வயது இருக்கும். கையேட்டில் இல்லாமல் போன இருபது பக்கத்தில் இது எழுதியிருந்திருக்கும்.

அவள் மெல்லக் கணக்குப் போட்டாள். டயர்கடைக்காரர் சரியாகத்தான் இறுக்கியிருக்கிறார். அதை முதலில் தளர்த்தியது அவள். கணவர் வந்து இறுக்கினார். கோடு பிரிந்துவிட்டதென்று அவள் திரும்பத் தளர்த்தினாள். அவர் இறுக்கினார். அவள் தளர்த்தினாள். கோட்டோடு கோடு சேர்ந்ததா என்று பார்த்தாளே ஒழிய, நட்டு இறுகியிருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்தச் சக்கரத்தோடு மூன்று வாரம் மேம்பாலத்தில் ஏறி இறங்கியிருக்கிறாள், பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"போட்டோ எதுக்கு?" என்று கேட்டாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எப்போதும்போல வாயைத் திறக்கமாட்டார் என்றுதான் நினைத்தாள். திறந்தார்.

"நாளைக்குக் காட்டத்தான்."

"ஓ."

"மூணு ஞாயித்துக்கிழமை. ஒவ்வொரு தடவையும் நான் ஒழுங்கா இறுக்கிட்டுப் போறேன், அடுத்த வாரம் வந்து பாத்தா தளர்ந்து கிடக்கு. நான் என்னன்னு நெனைக்கறது? நீயே கழட்டி வெச்சுட்டு, என் தலையில கட்டறதுக்குப் பாக்கறியோன்னு..."

"நானா? என் பொண்ண உக்கார வெச்சுக்கிட்டா?"

"நீ மட்டும் என்னைப் பத்தி வேற என்ன நெனச்சே?"

தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "அடடா, என்ன பொருத்தம்! உங்க ரெண்டு பேரையும் பிரிச்சு வெச்சதுக்கு இந்தத் தெருவே நன்றி சொல்லணும்."

அவர் கையை நீட்டினார். அவள் நட்டை அதில் வைத்தாள். அவர் உட்கார்ந்து அதைத் திருகாணியில் ஏற்றி, விரலால் இடப்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து, ஸ்பேனரை மாட்டினார். ஐந்தையும் வரிசையாக இறுக்கவில்லை. ஒன்றை இறுக்கி, எதிரில் உள்ளதற்குப் போய், நட்சத்திரம் போடுவதுபோல மாற்றி மாற்றி இறுக்கினார். அவளும் குனிந்து, ஒவ்வொரு இழுப்பையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி நட்டு முடிந்ததும் ஸ்பேனரை அவரிடமிருந்து வாங்கி, தானே ஐந்தையும் இடப்பக்கம் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"அந்தப் படத்தக் காட்டுங்க நாளைக்கு," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "தளர்த்தினது நான்தான்னு நானே வக்கீலம்மாகிட்ட சொல்லிடறேன். மரை தெரியாம பண்ணிட்டேன்னு சொல்றேன். என் நோட்டையும் காட்டறேன். அவங்க பாத்து முடிவு பண்ணட்டும்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னாளா, அவர் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட்டால் அடி குறையும் என்று சொன்னாளா என்பது அவளுக்கே தெளிவாக இல்லை. பெண் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் அப்பா வீட்டுக்குப் போயிடணுமா?" என்று மெதுவாகக் கேட்டது. அவள் அவரைப் பார்த்தாள்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க அங்க?"

அவர் ஸ்பேனரைத் துடைத்துத் துணிப்பையில் வைத்தார். எழுந்து காரின் பின்னால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனார். அவள் தானே கழற்றி மாட்டிய பின்சக்கரத்தின் முன்னால் குனிந்தார். அங்கே ஐந்து கோடும் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தன. ஒரு நட்டைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். இறுக்க ஒன்றும் இல்லை; பையிலிருந்து ஸ்பேனரை எடுக்கவில்லை.

பிறகு கையைப் பேண்ட்டின் பின்பக்கம் துடைத்துக்கொண்டு, பெண்ணின் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டு நடந்தார். போனை எடுத்துப் படத்தை அழிக்கிறாரா, இன்னொரு தடவை பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ள, அவர் கை சட்டைப் பைக்குப் போகிறதா என்றே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கை போகவில்லை. திரும்பியும் பார்க்காமல் அவர் தெருமுனையில் திரும்பிப் போய்விட்டார்.